கார்டு மாறியது, வேகம் எவ்வளவு மாறியது?

கேம் ஓடும்போது திரையில் தெரிவது அடுத்தடுத்து வரையப்படும் அசையாப் படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். ஒரு வினாடிக்குள் எத்தனை பிரேம்கள் வரையப்பட்டன என்பதே எஃப்.பி.எஸ். புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர் முதலில் பார்ப்பதும், விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடுவதும் இந்த எண்ணைத்தான். ஆனால், கார்டு மாற்றியதால் கிடைத்த பலனை அளக்க இது மட்டும் போதாது. ஒவ்வொரு பிரேமையும் வரைய எத்தனை மில்லிவினாடி பிடித்தது என்பதே அடிப்படைத் தரவு. எஃப்.பி.எஸ். அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சுருக்கம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. வினாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 33.3 மில்லிவினாடி; 60 என்றால் 16.7, 120 என்றால் 8.3, 240 என்றால் 4.2. முப்பது அறுபதானாலும், நூற்றிருபது இருநூற்று நாற்பதானாலும் காகிதத்தில் அது 100 சதவீத உயர்வு. ஆனால் முதல் தாவலில் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிவினாடி மிச்சமாகிறது, இரண்டாவதில் நான்கு மில்லிவினாடிதான். முதல் மாற்றத்தை எவரும் கண்ணாலும் கையாலும் உணர்வார்கள். இரண்டாவதை உணர அதற்கேற்ற மானிட்டரும், வேகமான போட்டி கேம்களில் பழகிய கையும் வேண்டும். சதவீதத்தை மட்டும் சொல்லி, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்பதைச் சொல்லாத ஒப்பீடு பாதி உண்மையை மறைத்துவிடுகிறது.

சராசரி எடுப்பதிலும் கவனம் தேவை. ஒரு காட்சியில் பாதி பிரேம்கள் 5 மில்லிவினாடியிலும் மீதிப் பாதி 20 மில்லிவினாடியிலும் வரையப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையின் வேகம் 200, இரண்டாவதன் வேகம் 50. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 125 வரும். அது தவறான விடை. ஒரு பிரேமுக்கான சராசரி நேரம் 12.5 மில்லிவினாடி; ஆகவே உண்மையான சராசரி வினாடிக்கு 80 பிரேம்தான். மொத்த பிரேம்களை மொத்த நேரத்தால் வகுப்பதே சரியான முறை.

ஒரு வினாடிக்குள் நடப்பது

2011 வரை பெரும்பாலான கார்டு விமர்சனங்கள் சராசரி எஃப்.பி.எஸ்.ஸோடு முடிந்துவிடும். அந்த ஆண்டு செப்டம்பரில் 'தி டெக் ரிப்போர்ட்' தளத்தின் ஆசிரியர் ஸ்காட் வாசன் வெளியிட்ட கட்டுரை இந்த வழக்கத்தை மாற்றியது. ஒரு வினாடியில் 60 பிரேம்கள் வந்தாலும் அவற்றில் ஒன்று மட்டும் 100 மில்லிவினாடி தாமதித்தால் கேம் அந்த இடத்தில் திக்கி நிற்கும். சராசரியோ அதைக் காட்டவே காட்டாது என்று அவர் விளக்கினார். ஒவ்வொரு பிரேமின் நேரத்தையும் வரைபடமாக்கினார். 99 சதவீத பிரேம்கள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்று கணக்கிட்டார். 50 மில்லிவினாடிக்கு மேல் இழுத்த பிரேம்களில் மொத்தம் எவ்வளவு நேரம் போனது என்பதையும் தனியே காட்டினார். இன்று பெரும்பாலான விமர்சனங்களில் வரும் '1% லோ' என்ற எண் இந்தச் சிந்தனையின் வழியில் வந்ததே.

இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு குறை வெளிச்சத்துக்கு வந்தது. கேமுக்குள்ளிருந்து எண்ணும் மென்பொருள், திரைக்கு உண்மையில் என்ன போய்ச் சேர்கிறது என்பதை அறியாது. 2013இல் என்விடியா உருவாக்கி, 'பிசி பெர்ஸ்பெக்டிவ்' தளம் விரிவாகப் பயன்படுத்திய எஃப்கேட் என்ற கருவி ஒவ்வொரு பிரேமின் ஓரத்திலும் ஒரு நிறப்பட்டையைப் போட்டது. மானிட்டருக்குச் செல்லும் காட்சியை வேறொரு கம்ப்யூட்டரில் பதிவுசெய்து அந்தப் பட்டைகளை அளந்தார்கள். இரண்டு கார்டுகளை இணைத்து ஓட்டும் ஏஎம்டியின் கிராஸ்ஃபயர் அமைப்பில் பல பிரேம்கள் திரையில் சில வரிகள் உயரமே தெரிந்தன என்பது இப்படித்தான் நிரூபணமானது. எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகி இருந்தது; கண்ணுக்குக் கிடைத்த பலன் அதில் சிறு பங்குதான். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஏஎம்டி புதிய டிரைவர் வெளியிட்டு பிரேம்களின் இடைவெளியைச் சீராக்கத் தொடங்கியது. அளவுகோல் சரியானதும் பொருள் திருந்தியது என்பதற்கு இத்துறையில் இதைவிட நல்ல சான்று இல்லை.

'1% லோ' என்பதை எல்லாரும் ஒரே விதமாகக் கணக்கிடுவதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சில கருவிகள் 99ஆவது சதமானத்தில் உள்ள பிரேம் நேரத்தை எடுத்து எஃப்.பி.எஸ்.ஸாக மாற்றும். வேறு சில, மிக மெதுவான ஒரு சதவீத பிரேம்களை மட்டும் பிரித்தெடுத்து அவற்றின் சராசரியைத் தரும். ஒரே பதிவிலிருந்து இந்த இரண்டு வழிகளும் வெவ்வேறு விடை தரும். ஆகவே பழைய கார்டை ஒரு கருவியாலும் புதியதை வேறொன்றாலும் அளந்து ஒப்பிடக் கூடாது. '0.1% லோ' இன்னும் நொய்மையானது: ஒரு நிமிடம், வினாடிக்கு 100 பிரேம் என்றால் மொத்தம் 6,000 பிரேம்கள், அதில் 0.1 சதவீதம் வெறும் ஆறு. பின்னணியில் விண்டோஸ் ஒரு வேலையைத் தொடங்கினாலே அந்த ஆறும் மாறிவிடும்.

கார்டா, ப்ராசஸரா?

ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு உழைப்பாளிகள். எதிரி எங்கே நகர்ந்தான், குண்டு எங்கே பட்டது, எந்தெந்தப் பொருளை வரைய வேண்டும் என்று முடிவுசெய்து உத்தரவுகளைத் தயாரிப்பது ப்ராசஸர். அவற்றை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. கல்யாணப் பந்தியில் இலை போடுபவர் மெதுவாக நகர்ந்தால், எத்தனை வேகமான ஆளைப் பரிமாற விட்டாலும் அவர் வாளியோடு நின்றுகொண்டுதான் இருப்பார். கார்டை மாற்றிப் பலன் காணாமல் ஏமாறுபவர்களில் பலருக்கு நேர்வது இதுவே.

எது தடுக்கிறது என்பதைப் பழைய கார்டு பெட்டிக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். கேம் ஓடும்போது கார்டின் பயன்பாடு தொடர்ந்து 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டுதான் திணறுகிறது. புதிய கார்டு உதவும். அது 60, 70 சதவீதத்திலேயே அலைந்தால், பிரேம் வரம்பு எதுவும் போடப்படாத பட்சத்தில், ப்ராசஸரோ மெமரியோ கேமின் எஞ்சினோ தடுக்கிறது.

இதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. வழக்கமான செட்டிங்ஸை மாற்றாமல் ரெசல்யூஷனை மட்டும் 1280×720க்கு இறக்க வேண்டும். வரைய வேண்டிய புள்ளிகள் குறைவதால் கார்டின் சுமை இறங்கும். ப்ராசஸரின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அப்போது வரும் எஃப்.பி.எஸ். அந்த ப்ராசஸரின் உச்ச வரம்பை உத்தேசமாகக் காட்டும். 1080பி-யில் 55 வந்த கேம் 720பி-யில் 85 தந்து, கார்டின் பயன்பாடும் இறங்கியிருந்தால், எந்தக் கார்டைப் போட்டாலும் அதே செட்டிங்ஸில் 85ஐ ஒட்டியே நிற்கும். அதிகபட்ச லாபம் சுமார் 55 சதவீதம் என்பது கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடுகிறது. வாங்கும் முடிவுக்கு இந்த ஒரு சோதனை பத்து விமர்சனங்களைவிடப் பயன்படும்.

இது உத்தேசமே என்பதற்கும் காரணம் உண்டு. டிரைவரும் ப்ராசஸரில்தான் ஓடுகிறது. அதன் சுமை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்த இன்டெல் ஆர்க் பி580 நல்ல பெயர் வாங்கியது. ஆனால் அடுத்த மாதமே, பழைய ப்ராசஸர்களோடு சேர்த்தால் பல கேம்களில் அதன் வேகம் கணிசமாகச் சரிகிறது என்று விமர்சகர்கள் கண்டார்கள். விமர்சகர்கள் புதிய கார்டுகளைச் சோதிப்பது வழக்கமாக அன்றைய மிக வேகமான ப்ராசஸரில். கார்டுகளைத் தங்களுக்குள் ஒப்பிட அது சரியான முறைதான். ஐந்தாறு வருடப் பழைய கம்ப்யூட்டரில் அதே எண் வரும் என்று அதற்குப் பொருளில்லை.

பெட்டியில் அச்சான எண்கள்

கோர்களின் எண்ணிக்கை, டெராஃப்ளாப்ஸ் ஆகியவற்றை வைத்து லாபத்தைக் கணிப்பது எளிதில் தவறிப்போகும். 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யில் 4,352 கோர்கள், சுமார் 13.4 டெராஃப்ளாப்ஸ். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070-இல் 5,888 கோர்கள், சுமார் 20 டெராஃப்ளாப்ஸ். காகிதக் கணக்கில் ஐம்பது சதவீதம் கூடுதல். கேம்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம். முழு எண் கணக்கை மட்டும் கவனித்துவந்த பகுதியை 2020 வடிவமைப்பில் தசமக் கணக்குக்கும் பயன்படும்படி மாற்றியதால்தான் எண் அப்படி உயர்ந்தது. கேமுக்கு இரண்டு வகைக் கணக்கும் தேவைப்படுவதால் அந்த உயர்வு முழுதாகக் கைக்கு வருவதில்லை.

பலரும் செய்த ஒரு மாற்றத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2016 ஜூலையில் 249 டாலருக்கு அறிமுகமான 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060, ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கார்டு. அதை எடுத்துவிட்டு 2023 ஜூனில் 299 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4060ஐ வைப்பது இயல்பான அடுத்த படி. கோர்கள் 1,280லிருந்து 3,072 ஆகின்றன. மின்தேவை 120 வாட்டிலிருந்து 115 ஆக இறங்குகிறது. ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய பவர் சப்ளையே பெரும்பாலும் போதும். ஆனால் மெமரி வேகம் வினாடிக்கு 192 ஜிபியிலிருந்து 272 ஜிபிதான் ஆகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட சிப்புக்குள்ளேயே 24 எம்பி கேஷ் வைத்திருக்கிறார்கள். ரெசல்யூஷன் ஏற ஏற கேஷின் உதவி தேய்கிறது. 1080பி-யில் கிடைத்த லாபம் 4கே-யில் அதே விகிதத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது; 4கே-யில் வரைய வேண்டிய புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு.

பலர் கவனிக்காத ஒன்றும் இதில் இருக்கிறது. 1060, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தடத்தின் 16 பாதைகளையும் பயன்படுத்தியது. 4060, வேகம் இரட்டிப்பான 4.0 தடத்தில் 8 பாதைகளை மட்டும் பயன்படுத்துகிறது. புதிய மதர்போர்டில் இரண்டும் சமம். 2017இன் கோர் ஐ5-7500 போன்ற ப்ராசஸர் உள்ள பழைய போர்டிலோ 3.0 தடம்தான் உண்டு. அங்கே புதிய கார்டுக்குப் பழையதைவிடப் பாதி அகலப் பாதையே கிடைக்கும், வினாடிக்குச் சுமார் 8 ஜிபி. கார்டின் 8 ஜிபி மெமரிக்குள் கேம் அடங்கும்வரை இழப்பு சிறிது. மெமரி நிரம்பி வழியத் தொடங்கினால் பிரேம் நேர வரைபடத்தில் முட்கள் முளைக்கும். சராசரி பெரிதாக அசையாது. 1% லோ விழும். சில கேம்கள் திக்காமல் ஓடும், ஆனால் சுவரிலும் தரையிலும் நுணுக்கமான டெக்ஸ்சர்களை ஏற்றாமல் மங்கலாகவே விட்டுவிடும். அதை எந்த எஃப்.பி.எஸ். மீட்டரும் காட்டாது, திரையைப் பார்த்தால்தான் தெரியும்.

அளக்கும் முறை

கருவிகளுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் இலவசம். இன்டெல் வெளியிட்ட திறமூலக் கருவியான பிரசென்ட்மான் விண்டோஸிலிருந்தே பிரேம் நேரங்களைப் பதிவுசெய்கிறது. கேப்ஃப்ரேம்எக்ஸ், என்விடியாவின் ஃப்ரேம்வியூ ஆகியவை அதை அடித்தளமாகக் கொண்டவை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதனோடு வரும் ரிவாட்யூனரும் திரையின் மூலையில் எண்களை ஓடவிடும்.

காட்சித் தேர்வு முக்கியம். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 போன்றவற்றில் பென்ச்மார்க் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பாதை, ஒரே காட்சி. ஷேடோ ஆஃப் த டூம் ரைடரின் பென்ச்மார்க் எத்தனை சதவீத நேரம் கார்டு தடையாக இருந்தது என்றும் சொல்லும். ஆனால் முன்பே தெரிந்த பாதை என்பது பலவீனமும்கூட. 2003இல் 3டிமார்க்03 சோதனையில் கேமரா எங்கே போகும் என்பதை அறிந்து, கேமரா பார்க்காத பகுதிகளை வரையாமல் விடும்படி என்விடியாவின் டிரைவர் எழுதப்பட்டிருந்தது. அந்தச் சோதனையை உருவாக்கிய ஃபியூச்சர்மார்க் அதைத் தடுக்கும் திருத்தம் வெளியிட்டதும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் சுமார் 24 சதவீதம் சரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, குவேக் 3 கேமின் கோப்புப் பெயரை மாற்றிப் பார்த்தவர்கள், ரேடியான் 8500 கார்டின் வேகம் அந்தப் பெயரை நம்பி இருந்ததைக் கண்டுபிடித்தார்கள்; பெயரைப் பார்த்ததும் டிரைவர் டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. ஆகவே பென்ச்மார்க்கோடு நிறுத்தாமல், சொந்தமாக விளையாடும் கேமில், ஆள் நடமாட்டம் மிகுந்த ஓரிடத்தில் சேவ் செய்து, அங்கிருந்து ஒரே வழியில் ஒரு நிமிடம் ஓடிப் பதிவுசெய்வது நம்பகமானது.

வி-சிங்க்கையும் பிரேம் வரம்பையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் எந்தக் கார்டும் 60ஐத் தாண்டாது. கேம் புதிதாக ஏறியவுடன் வரும் முதல் ஓட்டத்தை எண்ணக் கூடாது, அப்போதுதான் ஷேடர்கள் தொகுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். கார்டு சூடான பிறகே அளக்க வேண்டும். இன்றைய கார்டுகள் வெப்பம் ஏற ஏறத் தம் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்பவை. குளிர்ந்த கார்டில் எடுத்த முதல் நிமிடக் கணக்கு அரைமணி நேர ஆட்டத்தைப் பிரதிபலிக்காது. பழையதை மார்கழியிலும் புதியதைச் சித்திரையிலும் அளந்தால் அறையின் வெப்பமே ஒப்பீட்டைக் கெடுக்கும். ஸ்டீம் தானாகவே கேமைப் புதுப்பித்துவிடுவதால், இரண்டு அளவீடுகளும் ஒரே பதிப்பில், ஓரிரு நாள் இடைவெளிக்குள் முடிந்தால் நல்லது.

ஒவ்வொரு காட்சியும் குறைந்தது மூன்று முறை. மூன்று ஓட்டங்களும் தங்களுக்குள்ளேயே 3 சதவீதம் வேறுபட்டால், இரண்டு கார்டுகளுக்கு இடையே தெரியும் 3 சதவீத வித்தியாசத்துக்கு மதிப்பில்லை. பல கேம்களின் முடிவைச் சுருக்கிச் சொல்லும்போது எஃப்.பி.எஸ். எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதும் பிசகு. 300 பிரேம் ஓடும் ஒரு கேம், 40 பிரேம் ஓடும் இன்னொன்றை விழுங்கிவிடும். ஒவ்வொரு கேமிலும் எத்தனை மடங்கு உயர்ந்தது என்று தனித்தனியே கண்டு, அந்த மடங்குகளின் பெருக்கல் சராசரியை எடுப்பதே நியாயம்.

உருவாக்கப்பட்ட பிரேம்கள்

2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு வந்த டிஎல்எஸ்எஸ் 3, அளவீட்டில் பெரிய குழப்பத்தைக் கொண்டுவந்தது. அதன் பிரேம் ஜெனரேஷன் வசதி, வரையப்பட்ட இரண்டு பிரேம்களுக்கு நடுவே மூன்றாவதைக் கணித்து நுழைக்கிறது. 2025இன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்தபோது ஒரு உண்மை பிரேமுக்கு மூன்று வரை நுழைக்க முடிந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சி மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, ஆர்டிஎக்ஸ் 4090இன் செயல்திறனைத் தரும் என்று அறிவித்தது இந்த பிரேம்களையும் கணக்கில் சேர்த்துத்தான். அவை இல்லாமல் நேரடியாக வரைந்து பார்த்தபோது 4090 வெகுதூரம் முன்னே நின்றது.

வினாடிக்கு 40 பிரேம் வரையும் கார்டு இந்த வசதியால் ஏறத்தாழ 80 காட்டலாம். காட்சி வழுக்கலாகத் தெரியும். மவுஸ் அசைவைக் கேம் கவனிப்பதோ இன்னும் 25 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான். நடுப் பிரேமைக் கணிக்க அடுத்த பிரேம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் கைக்கும் திரைக்குமான தாமதம் சற்றுக் கூடவும் செய்யும். வேகமான கார்டு தருவது இதற்கு நேர்மாறு: பிரேமும் பெருகும், தாமதமும் குறையும். ஆகவே இந்த இரண்டையும் ஒரே பட்டை வரைபடத்தில் நிறுத்துவது வாசகரைத் தவறாக வழிநடத்துவதாகும். முதலில் எல்லாவற்றையும் அணைத்து அளக்க வேண்டும். பிறகு இந்த வசதியோடு எடுத்த எண்ணைத் தாமதத்தோடு சேர்த்துத் தனியே சொல்லலாம்.

குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் அப்படியல்ல. அது உண்மையான பிரேம் நேரத்தைக் குறைக்கிறது, தாமதமும் குறைகிறது. ஆனால் 4கே-யில் குவாலிட்டி முறை உண்மையில் வரைவது 2560×1440 மட்டுமே. ஜிடிஎக்ஸ் 1060இல் டிஎல்எஸ்எஸ் கிடையாது. அதேபோன்ற ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் ஓடும். பழைய கார்டை முழு ரெசல்யூஷனிலும் புதியதை டிஎல்எஸ்எஸ்ஸிலும் ஓட்டி மூன்று மடங்கு என்று சொல்வது ஒப்பீடே ஆகாது.

பணத்துக்கு எவ்வளவு?

லாபத்தை வேகமாகவும் பெறலாம், படத்தின் தரமாகவும் பெறலாம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு 60லிருந்து 130 என்பதால் கண்ணுக்குப் பெரிய பயனில்லை. அவர் 60இல் நிறுத்தி, எந்த செட்டிங்ஸ்வரை ஏற்ற முடிகிறது என்று பார்ப்பதே அவருக்குரிய அளவீடு. அதே 60இல் புதிய கார்டு எத்தனை வாட் இழுக்கிறது என்பதும் கோடையில் அறையின் சூட்டில் தெரியும்.

விமர்சனங்கள் கார்டின் விலையை மொத்த எஃப்.பி.எஸ்.ஸால் வகுத்து ஒரு பிரேமின் விலையைச் சொல்கின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவருக்கு அது பொருந்தும். ஏற்கெனவே ஒரு கார்டு வைத்திருப்பவர் கூடுதலாகக் கிடைத்த பிரேம்களால்தான் வகுக்க வேண்டும். 30,000 ரூபாய் செலவழித்து 55லிருந்து 85க்குப் போனால் ஒரு பிரேமுக்கு 1,000 ரூபாய். விலையை 85ஆல் வகுத்துக் கிடைக்கும் 353 ரூபாய் அவருக்குப் பொருந்தாத எண். பழைய கார்டு விற்ற பணத்தை முதலிலேயே கழித்துவிடலாம். 720பி சோதனையில் ப்ராசஸர் குறுக்கே நிற்பது தெரிந்தால், அதே பணத்தை ப்ராசஸர், மதர்போர்டு, ரேம் ஆகியவற்றில் போட்டால் என்ன கிடைக்கும் என்றும் கணக்குப் போட வேண்டும். நான்கு கோர் ப்ராசஸரோடு இன்னும் ஓடும் கம்ப்யூட்டர்களில், 1% லோ உயர அதுவே பல நேரம் சரியான செலவு.

இந்தக் கணக்குகள் அனைத்துக்கும் பழைய கார்டின் அளவீடு கையில் இருந்தாக வேண்டும். எனவே கார்டை மாற்றப் போகிறவர்கள், புதிய பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே தாங்கள் விளையாடும் மூன்று நான்கு கேம்களைப் பழைய கார்டில் ஓட்டி, பிரேம் நேரப் பதிவுகளைச் சேமித்துவையுங்கள். டிரைவர் பதிப்பு, கேம் பதிப்பு, ரெசல்யூஷன், செட்டிங்ஸ் நான்கையும் அதோடு குறித்துவையுங்கள்.